அக்கா கன்னடத்துக்குப் போயிட்டாங்க

கண்ணு,

இதைத் தபாலில் போடாமல், மண்டிக்கு வந்த பெங்களூர் லாரிக்காரர் கையில் கொடுத்தனுப்புகிறேன். தபாலில் போட்டால் திங்கட்கிழமைக்குள் உன் கைக்கு வருமோ வராதோ. திங்கட்கிழமை காலையில் நாகராஜ் மேல் ரிப்போர்ட் எழுதிக் கொடுக்கப் போவதாகவும், அவனுக்கு இன்னும் வேலை நிரந்தரமாகாததால் அதோடு அவனை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்றும் போன வாரம் வந்தபோது நீயே சொன்னாய். அதற்கு முன்னால் நீ இதைப் படித்தாக வேண்டும். நீளமான கடிதம்தான். சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்து படி. பாதியில் கோபம் வந்தால் கீழே வைத்துவிட்டு, ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி எடு. என் மேல் கோபப்படுவது உனக்கும் புதிதில்லை, எனக்கும் புதிதில்லை.

நீ சொன்னதை நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று முதலில் பார்த்துக்கொள்வோம். நீயும் நாகராஜும் அந்தத் தொழிற்சாலையில் ஒரே நாளில் சேர்ந்தவர்கள். ஒரே அறையில் தங்கி, ஒரே ஸ்டவ்வில் சோறு வடித்து, பக்கத்துப் பக்கத்து லேத்து மெஷினில் வேலை கற்றீர்கள். நீ இங்கிலீஷ் படித்தவன் என்பதால் உனக்கு வேலை சீக்கிரம் நிரந்தரமானது. இந்த வருஷம் அந்தப் பகுதிக்கே உன்னை சூப்பர்வைசராகப் போட்டார்கள், நீயும் டீக்கடைக்கு மேலே மாடியில் தனி அறை எடுத்துக்கொண்டு போனாய். ஆனேக்கல் பையன் நாகராஜ் இப்போது உனக்குக் கீழே வேலை செய்கிறான். அவன் ஓர் இரும்புத் தண்டை அளவு தவறிக் கடைந்து கெடுத்துவிட்டான். உன்னிடம் சொல்லாமல் கழிவு இரும்புக் குவியலுக்கு அடியில் தள்ளிவிட்டு, நீ கேட்டபோது அது தன் கைக்கே வரவில்லை என்று பொய்யும் சொன்னான். "தப்பு பண்ணதுக்கு இல்லம்மா, மறைச்சதுக்குத்தான். என்கிட்டயே மறைச்சிட்டானே" என்றாய். ரிப்போர்ட் எழுதுவதில் உனக்கு ஒன்றும் சந்தோஷம் இல்லை என்று அப்போதே எனக்குத் தெரிந்துபோயிற்று.

தொழிற்சாலை விஷயத்தில் நாம் ஏன் மூக்கை நுழைக்க வேண்டும் என்று உன் அப்பா கேட்டார். நியாயமான கேள்விதான். லேத்து என்றால் சதுரமா வட்டமா என்றுகூட எனக்குத் தெரியாது. ஆனால் ஆட்களை வைத்து வேலை வாங்குவது எனக்குத் தெரியும். உன் அப்பா மண்டியில் உட்கார்ந்து வியாபாரம் பேசிய காலமெல்லாம் பின்பக்கத்துக் கொட்டகை என் பொறுப்பில்தான் இருந்தது. மாங்காய் வந்து இறங்குவதும், தரம் பிரிப்பதும், கூடையில் வைக்கோல் பரப்பி அடுக்குவதும், மேலே கோணி வைத்துத் தைத்து லாரியில் ஏற்றுவதும் நானும் என் பெண்களும் செய்த வேலை. கல்லாவிப் பக்கத்திலிருந்து தமிழ் பேசுகிறவர்களும், பர்கூர்ப் பக்கத்திலிருந்து தெலுங்கு பேசுகிறவர்களும் வருவார்கள். லாரிக்காரர்களும் பெங்களூர் வியாபாரிகளும் கன்னடம். பாஷை பார்த்து ராஜ்யங்களைப் பிரிக்கப் போகிறார்களாம், பேப்பரில் போட்டிருக்கிறது. நம் கொட்டகையை எந்தப் பக்கம் சேர்ப்பார்கள் என்று உன் அப்பா தினமும் கேட்டுச் சிரித்துக்கொண்டிருக்கிறார்.

நான் ரொம்பப் பொறுமைசாலி என்று எனக்கு ஒரு நினைப்பு இருந்தது. சிரிக்காதே. நிஜமாகவே அப்படித்தான் நினைத்திருந்தேன். மற்ற மண்டிகளில் பெண்களைக் கெட்ட வார்த்தை சொல்லித் திட்டுவார்கள். நான் ஒருநாளும் அப்படிப் பேசியதில்லை. காய்ச்சல் என்றால் கஷாயம் வைத்துக் கொடுப்பேன், பிள்ளை பெற்றவளை வேலைக்குக் கூப்பிட மாட்டேன். என் பெண்கள் என்னிடம் எதையும் மறைக்க மாட்டார்கள் என்று பக்கத்து மண்டிக்காரர் வீட்டம்மாவிடம் ஜம்பமாகச் சொல்லியும் இருக்கிறேன்.

நீ சேலத்தில் ஹாஸ்டலில் தங்கிப் படித்தபோது நடந்தது இது, அதனால் உனக்குத் தெரியாது. பருவம் முடிந்து கடைசி லாரி போன மறுநாள் கொட்டகையில் பெண்களே சமைத்துச் சாப்பிடுவார்கள் அல்லவா? சாப்பாட்டுக்குப் பிறகு வேஷம் கட்டி ஆடுவதும் உண்டு. அன்றைக்கு மட்டும் யாரை வேண்டுமானாலும் கேலி செய்யலாம், யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது என்பது அவர்கள் வழக்கம். உன் அப்பாவின் தொப்பையைக் காட்டுவதற்கு ஒருத்தி கோணியைச் சுருட்டி வயிற்றில் கட்டிக்கொண்டு வருவாள், அவரும் விழுந்து விழுந்து சிரிப்பார். அந்த வருஷம் மாதம்மா என் வேஷம் கட்டினாள். என்னுடன் ரொம்ப நாளாக வேலை செய்கிற கல்லாவி மாதம்மாதான். முந்தானையை இடுப்பில் இழுத்துச் செருகிக்கொண்டு, கையில் ஓர் அழுகின மாங்காயை எடுத்துப் பிடித்து, கண்ணைச் சிறிதாக்கி, "யாரு மாடித்து? ஹேளி!" என்று, யார் செய்தது சொல்லு என்று கன்னடத்தில் அதட்டினாள். சிரிப்பில் கொட்டகையே அதிர்ந்தது. ஒருத்தி எழுந்து வாயில் கையை வைத்துக்கொண்டு, "அடியே, அக்கா கன்னடத்துக்குப் போயிட்டாங்க!" என்று மற்றவர்களுக்குக் குசுகுசுவென்று சொல்கிற மாதிரி நடித்தாள். உடனே எல்லாரும் அவரவர் கையில் இருந்ததை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார்கள். எனக்கும் சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

அடுத்தபடியாக ஒரு சின்னப் பெண் மாதம்மாவாக வேஷம் கட்டி வந்தாள். காம்பு கிள்ளும்போது மாங்காய்ப் பால் கண்ணில் பீய்ச்சி அடித்த மாதிரி துள்ளினாள். முந்தானையால் கண்ணைக் கட்டிக்கொண்டு, "ஒண்ணுமில்லக்கா, தூசி" என்று சொல்லிவிட்டு ஒற்றைக் கண்ணால் காய் அடுக்கினாள். அதற்கும் எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அந்தப் பருவத்தின் நடுவில் மாதம்மா உண்மையாகவே கண்ணைக் கட்டிக்கொண்டு வேலை செய்தது எனக்கு ஞாபகம் வந்தது. தூசி விழுந்துவிட்டது என்றுதான் என்னிடம் சொன்னாள். அன்றைக்கு ஒரு வியாபாரி எடுத்த காயைத் திருப்பி அனுப்பியிருந்தான். நான் காலையிலிருந்தே கன்னடத்தில் இருந்திருக்கிறேன். மாங்காய்ப் பால் தோலில் பட்டாலே புண்ணாகும் என்று உனக்குத் தெரியும். பால் பட்ட கண்ணை உடனே கழுவாமல் பொழுது சாயும்வரை அவள் கட்டி வைத்திருந்தாள், அதை என்னிடம் சொல்வதற்குப் பயந்துகொண்டு. ஆட்டம் முடிந்த மறுநாள் நான்தான் டாக்டரிடம் காட்டினேன். கண் போகவில்லை. ஆனால் அந்தக் கண்ணில் பார்வை இன்றைக்கும் மங்கல்தான்.

அன்று ராத்திரி உன் அப்பாவிடம், "எனக்குக் கோபம் வந்தா கன்னடத்துல பேசறேனாமே, உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டேன். "கல்யாணமான வருஷமே தெரியுமே. என்னை மொத மொதல்ல நீ அதுலதானே திட்டின" என்றார். "ஏன் சொல்லல?" என்றேன். "சொல்லியிருந்தா எந்தப் பாஷையில பதில் சொல்லியிருப்ப?" என்றார். மனுஷர் எப்போதும் இப்படித்தான், எதையும் நேரே சொல்ல மாட்டார். எனக்கு அவர் மேலும் கோபம், என் மேலும் கோபம். ஊரில் இருக்கிற அத்தனை பேருக்கும் தெரிந்த ஒரு விஷயம், அதைச் செய்கிற எனக்கு மட்டும் தெரியாமல் இருந்திருக்கிறது. என் வாயிலிருந்து வருகிற சத்தத்தை என் காதே கேட்கவில்லை.

அது ஏன் கன்னடம் என்று ரொம்ப நாள் யோசித்தேன். புதுப்பெண்ணாக நான் இந்த வீட்டுக்கு வந்தபோது, ஏமாற்ற வருகிற வியாபாரிகளிடம் கண்டிப்பாகப் பேசுவதற்காகத்தான் கன்னடம் கற்றுக்கொண்டேன். பிள்ளை கொஞ்சியதெல்லாம் தமிழில், ஊர்வம்பு பேசியதெல்லாம் தெலுங்கில். கன்னடத்தில் எனக்குத் தெரிந்தது சண்டையும் பேரமும்தான். பாவம், அந்தப் பாஷை என்ன செய்யும்? கன்னடத்தில் தாலாட்டுகிற தாய்மார் ஆயிரமாயிரம் பேர் இருக்கிறார்கள். நான் கற்ற விதம் அப்படி. ஆக, என் பெண்களில் ஒருத்தி ஒரு காயை நசுக்கிவிட்டால், அந்த நிமிஷமே நான் அவளை ஏமாற்ற வந்த அயலூர் வியாபாரியாக ஆக்கிவிடுகிறேன். அவளுக்கு அது தெரிகிறது. கெட்ட வார்த்தை பேசாததில் எனக்கு இருந்த பெருமை அன்றோடு போயிற்று.

சரி, தெரிந்துவிட்டதே, இனிமேல் திருந்திவிடலாம் என்று நீ நினைப்பாய். நானும் அப்படித்தான் நினைத்தேன். அடுத்த பருவம் தொடங்கியதும் கொட்டகைக்குள் கன்னடமே பேசுவதில்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். நிலைமை இன்னும் மோசமாயிற்று! முன்பெல்லாம் கன்னடம் வந்தால்தான் பயப்படுவார்கள், மற்ற நேரம் பாட்டும் கேலியுமாக இருப்பார்கள். இப்போது நான் எப்போது கோபமாக இருக்கிறேன், எப்போது சாதாரணமாக இருக்கிறேன் என்று தெரியாமல் நாள் முழுக்கப் பயந்தார்கள். கொட்டகையில் பாட்டே நின்றுபோயிற்று. பத்துப் பதினைந்து நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு மாதம்மாவைத் தனியே கூப்பிட்டேன். "நான் கன்னடத்துக்குப் போனா எனக்குத் தெரிய மாட்டேங்குது. நீ பார்த்துச் சொல்லு" என்றேன். அவள் நம்பவில்லை. "சொன்னா என்னை வேலைக்கு வேணாம்னு சொல்லமாட்டீங்களேக்கா?" என்று கேட்டாள். அவள் கையில் அடித்துச் சத்தியம் செய்து கொடுத்தேன்.

முதல் தடவை அவள், "அக்கா, தமிழுக்கு வாங்க" என்று சொன்னபோது, நான் அவளைத் திரும்பிப் பார்த்துத் திட்டினேன். கன்னடத்தில்தான். பிறகு எனக்கே உறைத்து, சிரிப்பு வந்து, வைக்கோல் கட்டு மேல் உட்கார்ந்துவிட்டேன். இன்றைக்கும் எனக்குக் கன்னடத்தில் கோபம் வருவது நிற்கவில்லை. ஆனால் ஒரு காய் அழுகினால், கூடை கவிழ்ந்தால், கையில் காயம் பட்டால், அன்றைக்கே என்னிடம் வந்து சொல்கிறார்கள். கோபத்தை என்னால் நிறுத்த முடியவில்லை, சொல்ல வருகிறவளுக்கு வழி விட மட்டும் கற்றுக்கொண்டேன்.

இப்போது உன் கதைக்கு வருகிறேன். மாரியம்மன் பண்டிகைக்கு நீயும் நாகராஜும் சேர்ந்து வந்தீர்களே, அன்றைக்கு மத்தியானம் இலை போட்டு உங்களுக்குப் பரிமாறியது நான்தான். அவன் வழக்கம்போல உன்னைக் கேலி செய்துகொண்டே சாப்பிட்டான். நீ சோறு கருக்கின கதை, நீ சூப்பர்வைசர் ஆன முதல் நாள் சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு போன கதை, எல்லாம் சொன்னான். நீயும் சிரித்தாய். பிறகு அவன், "அன்னிக்கு நம்ம சூப்பர்வைசர் ஐயா குடுத்த அளவே தப்பும்மா, நாங்கதான் சத்தமில்லாம சரி பண்ணோம்" என்றான். நீ சிரித்த முகம் மாறாமல் இங்கிலீஷில் ஏதோ சொன்னாய். மெதுவாக, அழகாகச் சொன்னாய். எனக்குப் புரியவில்லை. அவனுக்கும் புரிந்திருக்காது. ஆனால் அவன் கை இலையிலிருந்து எழுந்துவிட்டது. நான் ரசம் கொண்டுபோனேன், "போதும்மா" என்றான். மூன்று தரம் ரசம் கேட்டு வாங்குகிற பிள்ளை அவன். நீ கவனிக்கவில்லை. நீ குரலை உயர்த்தவில்லை, முகத்தைச் சுளிக்கவில்லை, அதனால் கோபப்படவில்லை என்றே நினைத்திருப்பாய். எனக்கு மட்டும் என் கொட்டகை ஞாபகம் வந்தது. அன்றைக்கே உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும். பண்டிகை நாளில் எதற்கு என்று விட்டுவிட்டேன்.

முந்தாநாள் நாகராஜ் இங்கே வந்திருந்தான். உன்னிடம் சிபாரிசு செய்யச் சொல்லி வந்தான் என்று நினைக்காதே. வந்ததும் என் காலைத் தொட்டுக் கும்பிட்டான். "பொய் சொன்னது தப்புதாம்மா. அதுக்குச் சாக்கு சொல்ல வரல. நீங்க என்னை வேற மாதிரி நினைச்சிடக் கூடாதுன்னுதான் வந்தேன். ரிப்போர்ட் போனதும் நான் ஊருக்குப் போயிடுவேன்" என்றான். "ஏன்டா மறைச்ச?" என்று கேட்டேன். தலையைக் குனிந்தபடி வைக்கோலைக் கிள்ளிக்கொண்டே இருந்தான். நான் விடவில்லை. "கெட்டுப்போன உடனே அதைக் கையில எடுத்துக்கினு அவன் மேஜைக்குத்தாம்மா போனேன். வேற யாரையோ கேள்வி கேட்டுக்கினு இருந்தான். இங்கிலீஷ் வந்திடுச்சு. திரும்பிட்டேன். மத்தியானம் இன்னொரு தபா போனேன், அப்பவும் இங்கிலீஷ்தான். சாயங்காலம் அவனே வந்து கேட்டப்போ வாயில பொய்தாம்மா வந்துச்சு" என்றான். பிறகு, "எனக்கு மட்டும் இல்லம்மா. அவன் இங்கிலீஷ் பேச ஆரம்பிச்சா எங்க ஆளுங்க ஒருத்தரும் வாயைத் திறக்க மாட்டாங்க" என்றான்.

என் கொட்டகைக் கதை அவனுக்குத் தெரியாது, கண்ணு. யாரும் சொல்லிக் கொடுக்காமல் அவனாகச் சொன்னான். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. எழுந்து உள்ளே போய், அவனுக்குச் சோறு போடுகிற சாக்கில் கொஞ்ச நேரம் அடுப்படியிலேயே நின்றேன். என் மூக்கைக் கொடுத்தேன், என் பிடிவாதத்தைக் கொடுத்தேன், இதையுமா உனக்குக் கொடுக்க வேண்டும்?

அது ஏன் இங்கிலீஷ் என்பதும் எனக்குத் தெரியும் என்று நினைக்கிறேன். நீ வேலைக்குச் சேர்ந்த புதிதில் எழுதின கடிதங்களை மறந்துவிட்டாயா? ஓர் அதிகாரி, எல்லார் முன்னாலும் உன்னை இங்கிலீஷில் கேள்வி கேட்டு நிறுத்தி வைப்பார், நீ அறைக்கு வந்து அழுவாய், நாகராஜ் உனக்கு டீ வாங்கி வந்து கொடுப்பான் என்று எழுதியிருந்தாய். கண்டிப்பு என்றால் எப்படி இருக்க வேண்டும் என்பதை நீ அந்த மனிதரிடம்தான் பார்த்தாய். இப்போது உனக்குக் கோபம் வரும்போது அவர் வந்து உன் வாயில் உட்கார்ந்துகொள்கிறார். நாகராஜுக்கு அந்தக் குரல் நன்றாகத் தெரியும். ஒரு காலத்தில் உன்னோடு சேர்ந்து அந்தக் குரலைத் திட்டினவன் அவன்தானே.

அவன் செய்தது சரி என்று நான் சொல்லவில்லை. பொய் பொய்தான். ரிப்போர்ட்டைக் கிழித்துப் போடு என்றும் சொல்லவில்லை, அது உன் உத்தியோகம், உன் பொறுப்பு. கோபமே படாதே என்று சொன்னால் உன் அப்பா என்னைப் பார்த்துச் சிரிப்பார். நான் கேட்பது ஒன்றுதான். அவன் மறைத்தான் என்று எழுதுகிற கை, "என்னிடம் சொல்ல இரண்டு தடவை வந்தான், நான் அவனைச் சொல்ல விடவில்லை" என்றும் எழுதட்டும். அதை எழுத உனக்கு மனம் வரவில்லை என்றால், மற்றதிலும் கையெழுத்துப் போடாதே. பாதி உண்மையை வைத்து ஒரு பிள்ளையின் சோற்றில் மண்ணைப் போடக் கூடாது.

அவனிடம் பேசும்போது, "ஏன் மறைச்ச?" என்று கேட்காதே. அதற்கு அவனிடம் மறுபடியும் ஒரு பொய்தான் இருக்கும். "நீ வந்தப்போ நான் எப்படி இருந்தேன்?" என்று கேள். கேட்டுவிட்டுச் சும்மா இரு. அவன் சொல்வது உனக்கு நியாயமில்லாததாகத் தோன்றும். அப்படி இல்லையே, அன்றைக்கு வேலை நெருக்கடி இருந்ததே என்று விளக்கம் சொல்லத் துடிப்பாய். உன்னை எனக்குத் தெரியாதா? நாக்கைக் கடித்துக்கொண்டு கேள். நம்மைப் பற்றி நமக்குத் தெரியாததை நம்மிடம் வேலை செய்கிறவர்கள்தான் சொல்ல முடியும், அதுவும் நாம் பதில் பேசாமல் இருந்தால்தான் சொல்வார்கள். உன் பகுதியில் இத்தனை பேர் இருக்கிறார்களே, அவர்களில் ஒருவராவது உன்னைப் பார்த்து, "போதும், இறங்கி வா" என்று சொல்லக்கூடியவராக இருக்க வேண்டும். அப்படி ஓர் ஆள் உனக்கு இருந்தான். அவனைத்தான் நீ அனுப்பப் பார்க்கிறாய்.

நாகராஜ் கிளம்பும்போது நான் பஸ் வரைக்கும் போனேன். போய் உன்னை ஒரு தடவை நேரில் பார் என்று கெஞ்சினேன். முதலில் மாட்டேன் என்றான். பிறகு, "ஞாயித்துக்கிழமை சாயங்காலம் போறேம்மா. ஆனா நேரா மேல ஏற மாட்டேன். கீழ டீக்கடையில நின்னு கேப்பேன். வீட்டுக்காரர்கிட்டயோ யார்கிட்டயோ அவன் பேசற குரல் எப்படி இருக்குன்னு தெரிஞ்சுக்கிட்டுதான் படியேறுவேன். சரியில்லன்னா அப்படியே திரும்பிடுவேன்" என்றான். ஒரே தட்டில் சாப்பிட்ட பிள்ளை, உன் வாசலில் ஒளிந்து நின்று உன் குரலை வேவு பார்த்துவிட்டுத்தான் உன்னிடம் வர முடியும் என்கிறான். அதைக் கேட்டு பஸ் ஸ்டாண்டில் நின்று அழுதேன், கண்ணு. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவன் மேலே வருவான் என்று அறையில் உட்கார்ந்திருக்காதே. செருப்பை மாட்டிக்கொண்டு நீ கீழே இறங்கிப் போ.

அம்மா